இரவில் எண்ணிய ஊர்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டைப் பிடித்துத் தெற்கே போனால், வலது கைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். இடது பக்கம் தென்னந்தோப்பு, கண்மாய்க் கரை, நடுநடுவே நூல் மில்லுகள். அந்த ரோட்டிலும் அதிலிருந்து பிரியும் கிளைகளிலுமாகச் சேத்தூர், செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர், சொக்கநாதன்புத்தூர் என்று பெயர்கள் அடுத்தடுத்து வரும். ஓர் ஊர் எங்கே முடிகிறது, இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்பது பலகையை வாசித்தால்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிவது ஒரே தெருவின் நீட்சி.

இந்த வரிசையில் உள்ள செட்டியார்பட்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கேள்வி எளிது. பதில் யார் கணக்கெடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

கோயில் கொடைக்கு வரி பிரிக்கும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அது ஆள் கணக்கல்ல, தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணம் முடித்துத் தனியாக அடுப்பு மூட்டிய ஆண் ஒரு தலைக்கட்டு. பெண்ணும் பிள்ளையும் அதற்குள் அடக்கம். பிழைப்புக்காகத் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பவனும் ஊர்க்காரன்தான். வரி கேட்டு அவனுக்கு ஃபோன் போகும். பத்து வருடமாக ஊரில் வாடகைக்கு இருக்கும் வெளியூர்க் குடும்பம் அந்த நோட்டில் வராமலே போகலாம். அரசாங்கத்தின் கணக்கு இதற்கு நேரெதிர். உறவும் பூர்வீகமும் அதற்குப் பொருட்டில்லை. வழக்கமாக எங்கே வசிக்கிறாய் என்பதுதான் கேள்வி. 2011 கணக்கெடுப்புக்கு மார்ச் 1-ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு 12 மணிதான் குறித்த நேரம். அந்த நொடியில் இருந்த இந்தியாதான் எண்ணப்பட்டது. வீடில்லாதவர்களை பிப்ரவரி 28 இரவில் தெருத் தெருவாகப் போய் எண்ணினார்கள். அதாவது ஒரு மனிதன் எந்த ஊர்க்காரன் என்பதை அவன் படுக்கும் பாய் தீர்மானிக்கிறது.

விடிந்ததும் அந்தப் பாய் சுருட்டப்பட்டுவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் ஒரு பெயர்ச் சிக்கல். செட்டியார்பட்டியை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கிராமம் என்பார்கள். சட்டப்படி அது பேரூராட்சி. அதாவது மக்கள்தொகைக் கணக்கின் அகராதியில் நகரம். ஒட்டியிருக்கும் தளவாய்புரமும் முகவூரும் கிராம ஊராட்சிகள். ஒரே தெருவில் நடந்துபோகிறவர் தமக்குத் தெரியாமலே நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போய்விடுகிறார். இது வேடிக்கையாகத் தோன்றலாம். பணம் வந்து சேரும் வழி இதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டின் பேரூராட்சி என்பது இந்தியாவில் பிற மாநிலத்தவர் எளிதில் புரிந்துகொள்ளாத ஒரு நடுவாந்திர உயிரினம். 1994-க்குப் பிறகு அது நகர்ப்புற உள்ளாட்சியின் பக்கம் வைக்கப்பட்டது. 1991-ல் தமிழ்நாட்டு மக்களில் 34 சதவீதம் பேர் நகர்ப்புறத்தவர். 2001-ல் அது 44 சதவீதம். பத்தே ஆண்டில் இவ்வளவு பேர் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணம் போய்விடவில்லை. ஏராளமான பேரூர்கள் இருந்த இடத்திலேயே நகரமானது அந்தத் தாவலுக்கு ஒரு முக்கியக் காரணம். நகரமாகிவிட்டால் கிராமத்துக்கென்று டெல்லி ஒதுக்கும் பணம் கிடைக்காதே என்ற கவலை பிறகு வந்தது. 2004-ல் மாநில அரசு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் 'சிறப்புச் சிற்றூராட்சி' என்று மாற்றியது. ஆட்சி மாறியது, 2006-ல் அவை திரும்பவும் பேரூராட்சிகளாயின. ஊர் ஓர் அடி நகரவில்லை, ஒரு குடும்பம் கூடுதலாகக் குடியேறவில்லை. இரண்டே ஆண்டில் நகரம் கிராமமாகி, கிராமம் மறுபடி நகரமாயிற்று.

சாலைக்கும் வேலைக்கும் இதனால் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புகளுக்கும், மலைப்பகுதியில் 250 பேர் உள்ளவற்றுக்கும் எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் சாலை தருவதாகச் சொன்னது. இதில் ஒரு நுட்பம்: கணக்கின் அலகு வருவாய்க் கிராமம் அல்ல, குடியிருப்பு. நானூற்றுத் தொண்ணூறு பேர் உள்ள ஒரு காலனிக்கும் ஐந்நூற்றுப் பத்துப் பேர் உள்ள இன்னொன்றுக்கும் இடையே இருபது பேர்தான் வித்தியாசம். ஆனால் ஒன்றுக்குத் தார், இன்னொன்றுக்குச் சேறு. பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் குடியிருப்புக்கு இந்தப் பேச்சே இல்லை, அது நகரம். 2005-ல் சட்டமான நூறு நாள் வேலையும் அப்படித்தான். ஊராட்சிப் பக்கம் இருக்கும் பெண் கண்மாய் வேலைக்குப் போகலாம். பேரூராட்சிப் பக்கம் இருக்கும் அவளுடைய அக்கா போக முடியாது. இருவரும் தண்ணீர் பிடிப்பது ஒரே குழாயிலாக இருந்தாலும் சரி.

எண்ணிக்கை சாலையைத் தீர்மானிக்கிறது. அதே சாலை பிறகு எண்ணிக்கையையும் மாற்றுகிறது. இந்த வட்டாரத்தில் அது நடந்த விதத்தைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நூற்றிருபது வருடங்களுக்கு முன்பு இது திருநெல்வேலி ஜில்லா. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவும் சாத்தூர் தாலுகாவும் திருநெல்வேலிக் கலெக்டரின் கீழ் இருந்தன. 1910-ல் மதுரை ஜில்லாவிலிருந்தும் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்தும் துண்டுகளை வெட்டி எடுத்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். மலையடிவாரத்து ஊர்கள் கடலோர ராமநாதபுரத்தோடு சேர்ந்தன. அதைவிட விசித்திரம், அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் ராமநாதபுரத்திலேயே இல்லை, மதுரையில் இருந்தது. தன் ஜில்லாத் தலைமையிடத்துக்கு மனு கொடுக்கப் போகிறவர் இன்னொரு ஜில்லாவின் தலைநகருக்குப் பஸ் ஏறினார். 1985-ல்தான் ராமநாதபுரத்தைப் பிரித்து, விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு காமராஜர் மாவட்டம் வந்தது. இன்று செட்டியார்பட்டிக்கு மாவட்டம் விருதுநகர், தாலுகாவும் சட்டமன்றத் தொகுதியும் ராஜபாளையம், நாடாளுமன்றத் தொகுதி தென்காசி. கலெக்டரைப் பார்க்க வடகிழக்கே போக வேண்டும், எம்.பி.யின் தொகுதித் தலைநகர் தெற்கே. ஒரு ஊரின் வரைபடம் அதன் மக்கள் போய்வரும் தடங்களால் ஆனது என்றால், செட்டியார்பட்டியின் வரைபடத்தை வெவ்வேறு இலாகாக்கள் வெவ்வேறு திசைக்கு இழுத்திருக்கின்றன.

ஆனால் ஊர் எப்போதும் போய்வந்தது ஒரே திசையில்தான்: வடக்கே ராஜபாளையத்துக்கு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய ராஜபாளையம் மில்ஸும், அதைத் தொடர்ந்து வந்த நூற்பாலைகளும் சுற்றுவட்டாரத்தின் கூலிக் கணக்கையே மாற்றின. மழை பொய்த்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதுவரை வெளியூர் போவது ஒன்றே பதில். மில் வந்த பிறகு ஷிஃப்ட் என்று இன்னொரு பதில் கிடைத்தது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம் என்றால் குடிபெயர வேண்டாம். சத்திரப்பட்டிப் பக்கத்தில் விசைத்தறிகளில் மருத்துவக் கட்டுத்துணி நெய்தார்கள்; தென்பக்கத்தில் தையல் பெருகியது. ஊர்கள் கலையாமல் நின்றதற்கு இந்தத் தொழில்கள் ஒரு பாதிக் காரணம். மறுபாதி, அவற்றுக்குப் போய்வர முடிந்தது.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது, ஆனால் ரயில் இந்த ஊருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலையைக் குடைந்து 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியது. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது 1927-ல். வரைபடத்தில் அந்தப் பாதையைப் பார்த்தால் ஒரு வளைவு உறுத்தும். ராஜபாளையம் வரை மலையடிவாரத்தை ஒட்டி வந்த தண்டவாளம், அதற்குப் பிறகு தென்கிழக்கே திரும்பிச் சங்கரன்கோவிலுக்குப் போகிறது. அங்கிருந்து பாம்பகோவில் சந்தை வழியாக மறுபடி மேற்கே சாய்ந்து கடையநல்லூரில் மலைப்பக்கம் வந்து சேர்கிறது. சாலையோ நேரே சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டே போகிறது. ரயில் வில்லின் மரம்போல வளைய, சாலை நாண்போல நீள்கிறது. சங்கரன்கோவில் கோயில் ஊர், ஆடித்தபசுக்குக் கூட்டம் கூடும் ஊர். ரயில் கம்பெனிக்காரன் அதைத் தொடாமல் போயிருக்க மாட்டான் என்பது என் ஊகம். ஆக நாணில் கோத்த ஊர்களுக்கெல்லாம் ரயில் என்பது வேறு ஊரில் போய் ஏறும் வண்டி. 2004-ல் அகலப்பாதை வந்தது, பொதிகை எக்ஸ்பிரஸ் வந்தது, 2018-ல் புனலூர் வழியும் திறந்தது. சென்னைக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு இது பெரிய வரம். தினசரிப் பிழைப்புக்கு இதனால் லாபமில்லை.

பிழைப்பு பஸ்ஸில் இருந்தது. 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1974-ல் திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன். செட்டியார்பட்டி வட்டாரம் இந்த இரண்டு ராஜ்யங்களின் எல்லைக்கோட்டில் கிடந்தது. பின்னர் மாவட்டத்துக்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு தலைவர் பெயர் என்று போய்க்கொண்டிருந்த வழக்கம் விருதுநகரில்தான் வந்து முட்டியது. 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. தலித் சமூகத்து வீரரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பி, அது தென்மாவட்டங்களின் பெரும் சாதிக் கலவரங்களில் ஒன்றாக வெடித்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அதில் வெந்தது. அரசு எடுத்த முடிவு எல்லோர் பெயரையும் எடுத்துவிடுவது. பஸ்களிலிருந்து பாண்டியனும் கட்டபொம்மனும் சேரனும் சோழனும் மறைந்தார்கள். காமராஜர் மாவட்டமும் விருதுநகர் மாவட்டமாயிற்று. இன்று 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்ற சப்பையான பெயரைப் பஸ்ஸின் பக்கவாட்டில் வாசிக்கும்போது, அதன் வெறுமைக்குக் காரணம் இந்த மண்ணில் நடந்தது என்பது பலருக்கு நினைவில்லை. போக்குவரத்து என்பது தூரமும் கட்டணமும் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த வருடத்தை ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம். யாரோடு யார் ஒரே சீட்டில் உட்கார்வது என்பதும் அதில் சேர்த்தி.

அதே 1997-ல்தான் மினி பஸ் திட்டமும் வந்தது. பெரிய பஸ் நுழையாத ஊர்களுக்குத் தனியார் சிறு பஸ் விடலாம். மொத்தம் 20 கிலோமீட்டர், அதில் 16 கிலோமீட்டர் ஏற்கெனவே பஸ் ஓடாத தடமாக இருக்க வேண்டும் என்று விதி. மெயின் ரோட்டில் ஓடினால்தான் கலெக்ஷன், ஆனால் உள்ளே ஓடத்தான் பெர்மிட். மீதி நான்கு கிலோமீட்டரில்தான் முதலாளியின் லாபம். ஆள் குறைந்த கடைசி ஊருக்கு மத்தியான டிரிப்பை வெட்டிவிடுவது தமிழ்நாடு முழுக்க நடந்த கதை. டீசல் ஏறியது, ஷேர் ஆட்டோ வந்தது, பல தடங்களில் மினி பஸ் நின்றேபோனது. 2025-ல் தடத்தின் நீளத்தை 25 கிலோமீட்டராக்கிப் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது.

உண்மையில் கிராமத்தின் பஸ் பிரச்சினையைத் தீர்த்தது பஸ் அல்ல. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-யும் அதன் வாரிசுகளும்தான் என்று நான் சொல்வேன். புருஷன் பெண்டாட்டி, நடுவில் பிள்ளை, முன்னால் உரமூட்டை, ஹேண்டிலில் தூக்குவாளி. எந்தத் திட்ட ஆவணமும் இதைப் போக்குவரத்து வசதியாக எண்ணியதில்லை. ஆனால் கடைசி டிரிப் எப்போது என்ற பதற்றத்திலிருந்து ஆண்களை அது விடுவித்தது. பெண்களை அவ்வளவாக விடுவிக்கவில்லை. வண்டிச் சாவி பெரும்பாலும் ஆண் சட்டைப் பையில் இருந்தது.

இந்த இடத்தில் தளவாய்புரம், செட்டியார்பட்டித் தையலுக்கு வர வேண்டும். நைட்டி என்றால் தளவாய்புரம் என்று ஜவுளிக்காரர்களுக்குத் தெரியும். அச்சடித்த துணி வெளியிலிருந்து லாரியில் வரும். கட்டிங் முடிந்து, கட்டுக்கட்டாகப் பிரிந்து, தையல் மெஷின் இருக்கும் வீடுகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் போகும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. நைட்டியாகவும் உள்பாவாடையாகவும் மறுபடி மூட்டை கட்டப்பட்டுப் பார்சல் சர்வீஸில் ஏறும். ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கும் திருமங்கலம் வழியாக மதுரைக்கும் போகும் அந்த தேசிய நெடுஞ்சாலை, முன்பு 208 என்றும் இப்போது 744 என்றும் எண்ணிடப்பட்டது, பக்கத்திலேயே கிடக்கிறது. ராஜபாளையம் மில் ஆளை வெளியே இழுத்தது. தையல் மெஷினோ சரக்கை ஊருக்குள் இழுத்தது. வேலைக்குப் போவதற்குப் பதிலாக வேலை வீட்டுக்கு வந்தது. பிழைப்பு தேடிக் குடிபெயராமல் ஒரு குடும்பம் ஊரிலேயே நிற்பதில் வாசலில் வந்து நிற்கும் சரக்கு ஆட்டோவுக்கு உள்ள பங்கு, பயணிகள் பஸ்ஸுக்கு உள்ளதைவிடக் குறைவல்ல.

மக்கள்தொகைக் கணக்கு இதை எப்படிப் பார்க்கிறது? சட்டப்படி நகரமாக இல்லாத ஓர் ஊரைக் கணக்கெடுப்பு 'நகரம்' என்று ஏற்க மூன்று நிபந்தனைகள்: 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற நெருக்கம் வேண்டும், முழுநேர உழைப்பாளி ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயமல்லாத வேலையில் இருக்க வேண்டும். மூன்றாவதை மறுபடி வாசியுங்கள். ஆண்கள். ஓர் ஊரின் தொழிலே பெண்கள் மிதிக்கும் மெஷினில் ஓடினாலும், அந்த ஊர் கிராமமா நகரமா என்பதை முடிவு செய்கையில் அந்தப் பெண்கள் கணக்கில் இல்லை. 1,000 ஆண்களுக்கு 1,007 பெண்கள் என்று 2011-ல் பதிவான விருதுநகர் மாவட்டத்தில் இப்படி ஒரு அளவுகோல்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. 2011 கணக்கெடுப்புப் படிவத்தில் வேலைக்குப் போய்வரும் பயணம் பற்றியே கேள்வி இருந்தது: எவ்வளவு தூரம், எதில் போகிறாய், நடந்தா, சைக்கிளா, மொபட்டா, ஆட்டோவா, பஸ்ஸா, ரயிலா. பாயை மட்டும் எண்ணாமல் பாதையையும் எண்ணப் பார்த்த நல்ல முயற்சி. ஆனால் கேள்வி 'இதர தொழிலாளர்'களுக்கு மட்டும். சொந்த நிலத்து விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்பவர் ஆகிய மூவரும் அதில் விலக்கு. அவர்கள் இருக்கும் இடத்திலேயே வேலை செய்பவர்கள் என்ற அனுமானம். அடிவாரத்து ஊர்களில் அந்த அனுமானம் நிற்காது. நாற்று நடவும் களையெடுக்கவும் லோடு ஆட்டோவில் பத்துப் பதினைந்து பேராக நெருக்கிக்கொண்டு அடுத்த ஊர்ப் பாசனத்துக்குப் போகும் பெண்கள் விவசாயக் கூலிகள். ஆகவே பயணிகள் அல்ல. வெட்டிய துணிக்கட்டை வாங்கவும் தைத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் நடையாய் நடக்கும் பெண் வீட்டுத் தொழிலாளி. ஆகவே அவளும் பயணி அல்ல. மில் வேனில் போகிறவள் மட்டும் பயணி.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இலவசம் என்றாலும் கண்டக்டர் சீட்டுக் கொடுக்கிறார். அதைக் கிழித்தால்தான் அரசு கழகத்துக்குப் பணம் ஈடுகட்டும். அந்தப் பூஜ்யம் ரூபாய்ச் சீட்டைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக நிறையப் பேசியாகிவிட்டது. என் கண்ணில் படுவது வேறு. ஒரு சிற்றூர்ப் பெண் பகலில் எங்கே ஏறி எங்கே இறங்குகிறாள் என்று இந்த மாநிலத்தில் நாள் தவறாமல் எழுதப்படும் பேரேடு அது ஒன்றுதான். கணக்கெடுப்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை நள்ளிரவில் எண்ணுகிறது; கண்டக்டர் தினம் பகலில் எண்ணுகிறார். தனியார் மினி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறவர்கள் அதில் வரமாட்டார்கள் என்பது குறை. அப்படியும், எந்தத் தடத்தில் இன்னொரு டிரிப் வேண்டும் என்று கேட்க 2011-ன் தலைக்கணக்கைத் தூக்கிக்கொண்டு போவதைவிட இந்தச் சீட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவது மேல்.

2011-ன் கணக்குக்கு வயதும் ஆகிவிட்டது. ராஜபாளையம் நகராட்சியில் 1.30 லட்சம், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75 ஆயிரம், மாவட்டத்தில் 19.42 லட்சம் என்று நாம் இன்றும் ஒப்பிக்கும் எண்கள் அப்போது பிறந்த குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் காலத்திலும் புழக்கத்தில் இருக்கின்றன. இடையில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2020-ல் 1.4-க்கு இறங்கிவிட்டது. தலைமுறை தன்னை ஈடுகட்டிக்கொள்ள 2.1 வேண்டும். இனிமேல் செட்டியார்பட்டி மாதிரி ஊர்களில் ஆள் கூடுவதும் குறைவதும் பிறப்பால் அல்ல, போக்குவரவால்தான். காலையில் போய் மாலையில் திரும்ப முடிகிற தூரத்தில் வேலை இருந்தால் ஆள் நிற்பார்கள். இல்லையென்றால் ஒற்றைச் சூட்கேஸோடு பொதிகையில் ஏறுவார்கள். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலை வேலை நடந்திருக்கிறது. அதற்குத் தெற்கே தோப்பையும் வயலையும் எடுத்துக்கொண்டு சாலை போட வேண்டுமா என்று விவசாயிகள் கேட்டிருக்கிறார்கள். அகலமான சாலை ஊரை மதுரைக்குப் பக்கத்தில் கொண்டுவரும். ஊருக்குள் நிற்காமல் கடந்துபோகும் வண்டிகளையும் கொண்டுவரும். இரண்டில் எது முந்தும் என்பது பஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் 1 நள்ளிரவு குறிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியராக இருப்பார். பகலில் போனால் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். மில்லுக்கும் தோட்டத்துக்கும் கம்பெனிக்கும் போனவர்கள் திரும்ப ஆறு மணியாகும். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதுவார், மறுநாள் வந்து சரிபார்ப்பார். அவரே ராஜபாளையத்திலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வந்து போகிற ஆளாக இருந்தால், கடைசி வீட்டை முடித்துவிட்டுக் கை கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் பெயர் வேறு ஊர் நோட்டில் இருக்கிறது. அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.